போடாத கும்பிடு

அண்ணனை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலை, விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது அலமாரி மேல் கிடந்த என் செல்போன் ஒரு தடவை நடுங்கி அடங்கியது. எடுத்துப் பார்த்தேன். பெயர் இல்லாத எண். எழுத்து ஒன்றும் இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குவிந்த இரண்டு மஞ்சள் கைகள் மட்டும் வந்திருந்தன. கும்பிடு போடுகிற படம். அனுப்பியது யார் என்று அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த முகத்தைத் தொட்டுப் பெரிதாக்கினேன். தலை நன்றாக நரைத்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அம்பத்தூரில் அண்ணன் வேலை பார்த்த, தகடு வெட்டுகிற பிரஸ் கம்பெனியின் சூப்பர்வைசர். தெருக்காரர்கள் அனுப்பிய சாவுச் செய்தியில் என் எண்ணைப் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். நேரில் வர அவருக்குக் கால் இருந்தது, பேச வாய் இருந்தது. அவர் அனுப்பியது இரண்டு கைகளை.

என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அது எமோஜிம்மா. எல்லாத்துக்கும் அதான் போடுவாங்க. தேங்க்ஸ்னாலும் அதான், சாரின்னாலும் அதான், ஆளு செத்தாலும் அதான்" என்றாள். அவள் படித்தவள், விவரமாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் கும்பிடு என்ற வார்த்தையோடு நான் பிறந்ததிலிருந்து குடித்தனம் நடத்துகிறேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் பொழுது விடிவதும் அடைவதும் அந்த வார்த்தையில்தான். குளித்தாயா, கும்பிட்டாயா என்றுதான் அம்மா கேட்பார், சாப்பிட்டாயா என்பது அதற்கப்புறம். அந்த வீட்டில் கும்பிடுவது என்றால் செய்கிற காரியம். சோறு வடிப்பது, துணி துவைப்பது போல ஒருத்தர் நின்று தன் உடம்பால், தன் மனசால் செய்து முடிக்க வேண்டியது. உனக்காக இன்னொருத்தர் செய்ய முடியாது. வெளியே வந்தபோதுதான் அதே வார்த்தை வேறு மாதிரி புழங்குவதைப் பார்த்தேன். அங்கே யாரும் கும்பிடுவதில்லை, கும்பிடு போடுகிறார்கள். தபாலைப் பெட்டியில் போடுவதுபோல, எலும்பை நாய்க்குப் போடுவதுபோல. அந்த ஆபீசருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு என்பார்கள். பிடிக்காதவனைப் பார்த்து, சாமி, உனக்கு ஒரு பெரிய கும்பிடு, ஆளை விடு என்பார்கள். தேர்தல் வந்தால் எங்கள் தெருச் சுவர் முழுக்கக் குவிந்த கைகள்தான். மழை வந்து அந்த பேனர்கள் கிழிந்து சாக்கடையில் கிடக்கும்போதும் அந்தக் கைகள் குவிந்தபடியே கிடக்கும். செய்கிற காரியமாக இருந்ததை எடுத்து, ஒரு பண்டமாக ஆக்கி, கை மாற்றுகிறார்கள். இவனுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அப்படி ஒரு பண்டத்தை என் அண்ணனிடமும் கேட்டார்கள். அதைக் கேட்டபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு கை.

அண்ணனுடைய கை பெரிய கை. அப்பா அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவுகிற ஒப்பந்த வேலையில் இருந்தார். அவருடைய உடல்வாகு அப்படியே அண்ணனுக்கு வந்திருந்தது. ஆடி மாதம் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, கொதிக்கிற அண்டாவைச் சாக்குத் துணி சுற்றி அடுப்பிலிருந்து இறக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் சாமி கும்பிடுகிற விதமே தனி. கற்பூரம் காட்டும்போது மற்றவர்கள் நெஞ்சுக்கு நேராகக் கை குவிப்பார்கள். அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பட்டென்று அறைந்து சேர்ப்பார். அந்தச் சத்தத்தில் முன்னால் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "மெதுவா கும்புடுண்ணா, ஆத்தா பயந்துரப் போறா" என்று நான் சொல்வேன். "தூங்கிகினு இருந்தா எய்ந்துக்கட்டும். நம்ப இவ்ளோ பேரு வந்துகீறோம், அவளுக்கு இன்னா தூக்கம்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் என்றால், தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே நிற்பார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. கண்ணோரத்தில் தண்ணீர் மட்டும் இருக்கும். துடைக்க மாட்டார்.

அவர் வேலை பார்த்தது தகட்டை அமுக்கி வெட்டுகிற பழைய பிரஸ் ஒன்றில். வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன கிளாம்புகளை அதில் வெட்டி எடுப்பார்கள். நான் ஒரு தடவை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டுத் தட்டை நடுவில் வைத்து எனக்கு அதை விளக்கினார். "இங்க ஒரு பச்ச பட்டன், அங்க ஒரு பச்ச பட்டன். ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்குனாத்தான் மேல கீற குண்டு எறங்கும். ஒண்ண மட்டும் அமுக்குனா எறங்காது. ரெண்டு கையும் பட்டன்ல கீதுன்னா, குண்டுக்குக் கீய இன்னா கீது? தகடு மட்டும்தான். இத கண்டுபுட்ச்சவன் சாமி மாதிரிம்மா" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி, "உன் குண்டு எறங்கறதுக்குள்ள சாம்பார் ஆறிப்பூடும், துன்னு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தட்டின் இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்த அந்த இரண்டு கைகள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன.

இரண்டு கையும் பட்டனில் இருந்தால் தகட்டை எடுத்து வைக்க நேரம் பிடிக்கும். ஆர்டர் அதிகமான ஒரு சமயம், சூப்பர்வைசர் வலது பக்கத்துப் பட்டனை அமுக்கி, அதன் இடுக்கில் ஒரு குச்சியைச் செருகி, மேலே கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டார். அந்தப் பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும். இனி இடது கையால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். வலது கை தகட்டை உள்ளே வைக்கலாம், எடுக்கலாம். வேகமாக வேலை நடக்கும். அண்ணன் சும்மா இருக்கவில்லை. சார், இது ஆபத்து சார் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதிலை அண்ணன் அன்று சாயங்காலமே எங்களிடம் சொன்னார். "காலைல மெஷினைத் தொட்டு சாமி கும்பிட்டுட்டு ஆரம்பிப்பா. ஒண்ணும் ஆகாது." அதைக் கேட்டு அன்றைக்கு நாங்கள் யாரும் கோபப்படவில்லை. நல்ல வார்த்தைதானே சொல்லியிருக்கிறார் என்று நினைத்தோம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள். சாமி பெயரைச் சொல்லி எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள். ஒரு பட்டன் செய்ய வேண்டிய வேலையைச் சாமி தலையில் கட்டினார் அந்த ஆள். அண்ணனும் தினம் காலையில் அந்த இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டேப் சுற்றிய பட்டனுக்குப் பக்கத்தில் நின்று வேலையை ஆரம்பித்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாள் அது நடந்தது. தகடு கோணிக்கொண்டது, நேராக்க வலது கை உள்ளே போனது, இடது கை பழக்கத்தில் அமுக்கிவிட்டது. கட்டைவிரலின் அடியும் உள்ளங்கையில் ஒரு துண்டும் தவிர மற்றது போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அண்ணன் என்னிடம் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "வலி அப்பறந்தாம்மா வந்துச்சி. மொதல்ல ஒண்ணுமே தெரில. பசங்க துணியக் கொண்டாந்து சுத்துறானுங்க, நான் திரும்பிப் பாக்குறேன். சாரு என்னாண்ட வரல. பட்டனாண்ட குனிஞ்சிகினு கீறாரு. நகத்தால டேப்ப பிரிக்கிறாரு. என் கையப் பாக்கறதுக்கு முன்னாடி அவுரு டேப்பதாம்மா பாத்தாரு." விசாரிக்க ஆட்கள் வந்தபோது இரண்டு பச்சைப் பட்டன்களும் பளிச்சென்று இருந்தனவாம். டேப்பின் பசைகூட இல்லையாம். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது. பக்கத்தில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை.

காயம் ஆறி அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு, ஆப்பிளும் சத்து மாவு டப்பாவும் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவர் குரல் இனிப்பாக இருந்தது. "முதலாளிக்கு உன் மேல கோபமே இல்லப்பா" என்று ஆரம்பித்தார்.

"அவுருக்கு இன்னாத்துக்கு சார் கோவம். அவுரு கை நல்லாத்தான கீது" என்றார் அண்ணன்.

அவர் அதைக் கேட்காததுபோல மேலே பேசினார். கம்பெனியில் மற்றவர்கள் அந்த மெஷினில் நிற்க மாட்டேன் என்கிறார்களாம், முணுமுணுப்பு அதிகமாகிவிட்டதாம். "ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோட வா. எல்லாரும் இருப்பாங்க. முதலாளி முன்னாடி ஒரு கும்பிடு போடு. என் கவனக்குறைவுதான், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஸ்டோர்ல உனக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கு. உக்காந்து எழுதுற வேலை. இடது கையால எழுதப் பழகிக்க. நான் பாத்துக்கறேன்."

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு கும்பிடுதான நைனா. போட்டுட்டு வா, சோறு வருது" என்றார். சூப்பர்வைசர் போன பிறகு அண்ணி அழுதார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். "கோயில்ல தெனம் போடுற. அங்க ஒண்ணு போட்டா இன்னா தேஞ்சா பூடுவ? அந்த நாற்காலி போனா எனக்கு வேற வயி தெரில" என்றார். அண்ணன் துண்டுக்குள் சுற்றியிருந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் தப்பு இருப்பதாகவே தோன்றாது. கும்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். கும்பிடுவது நல்லது என்று சொல்லி வளர்ந்தவர்கள். சாமிக்குச் செய்வதைத்தானே ஒரு மனுஷனுக்குச் செய்யச் சொல்கிறார்கள் என்று நினைப்போம். இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருத்தரும் இல்லை. அண்ணனும் சொல்லவில்லை. வருகிறேன் என்றுதான் சொல்லி அனுப்பினார்.

ஆயுத பூஜை அன்று அண்ணியும் பிள்ளைகளும் நானும் அவரோடு போனோம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கம்பெனி வாசலில் வாழை கட்டியிருந்தது. உள்ளே எல்லா மெஷினுக்கும் மாலை, சந்தனம், குங்குமம். அண்ணனுடைய பிரஸ்ஸுக்குத்தான் இருப்பதிலேயே பெரிய மாலை. இரண்டு பச்சைப் பட்டன்களிலும் சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்தப் பொட்டைப் பார்த்ததும் குத்திய கத்தியைக் கழுவிவிட்டு அலமாரியில் வைத்ததுபோல இருந்தது. பூசாரி கற்பூரம் காட்டினார். எல்லோரும் கை குவித்தார்கள். அண்ணன் துண்டு சுற்றிய கையைத் தொங்கவிட்டு, இடது கையை விரித்து நெஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடினார். அந்த பட்டென்ற சத்தம் வரவில்லை. அதுதான் அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்த முதல் தடவை.

பூஜை முடிந்ததும் முதலாளி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் பெரிய சந்தனம். "வாப்பா, எப்படி இருக்க" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார். வேலைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் பொரிப் பொட்டலத்துக்குக் காத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். சூப்பர்வைசர் அண்ணனின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளி, "கும்பிடு போடு, கும்பிடு போடு" என்று மெல்லச் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.

அண்ணன் துண்டை அவிழ்த்தார். அதுவரைக்கும் வெளியாள் யாருக்கும் அவர் அதைக் காட்டியதில்லை. அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதலாளி முகத்தைப் பார்த்து, சண்டைக்காரன் குரலில் இல்லை, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார். "சாமிக்கு ஒரு கையால கும்பிட்டன் சார். அவ ஏத்துக்குவா. ஒங்களுக்கு முழுசா வோணும்ன்றாங்க. அதுக்கு இன்னொரு கை வோணும். அது இந்த மெஷினாண்ட கீது, கேட்டு வாங்கிக்கினு வாங்க, போட்டுடறேன்." அப்புறம் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "கவனக்குறைவுன்னு சொல்லச் சொன்னீங்க. நீங்க கவனமாத்தான் சார் ஒட்டுனீங்க, கவனமாத்தான் பிரிச்சீங்க. நானும் கவனமாத்தான் பாத்தன்" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. அப்படியெல்லாம் நடப்பதில்லை. ஒரு சின்னப் பெண் பொரி வேண்டும் என்று அழுதாள், அவள் அம்மா வாயைப் பொத்தினாள். முதலாளியின் சிரிப்பு மாறவேயில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பிரசாதம் வாங்கிட்டுப் போப்பா" என்றார். அண்ணன் வாங்காமல் வெளியே நடந்தார். அண்ணிதான் பிள்ளைகளுக்காக நின்று, தலையைக் குனிந்துகொண்டு, பொரிப் பொட்டலங்களை வாங்கினார். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். டன்லப் பஸ் ஸ்டாப் தாண்டியதும் அண்ணி ஒரு பொட்டலத்தைப் பிரித்து அண்ணன் பக்கம் நீட்டி, "துன்றியா, இல்ல பொரி மேலயும் ரோஷமா" என்றார். அண்ணன் இடது கையால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அந்த பிரஸ்ஸில் நிற்க வந்தவன் டேப்பை ஒட்டவிடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது.

ஸ்டோர் நாற்காலி போய்விட்டது. அவர்கள் கள்ளிக்குப்பத்தில் வாடகை கட்ட முடியாமல் திருநின்றவூர் பக்கம் ஏரி தாண்டி ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிற வேலையில் சேர்ந்தார். பட்டணத்துக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு ஓடுகிற பிள்ளைகள் வண்டியைத் தாறுமாறாக விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். அண்ணன் ஒரு கையால் அவற்றை இழுத்து வரிசையில் வைப்பார். அண்ணி அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் சமையலுக்குப் போனார். அரிசி தீர்ந்த நாளிலெல்லாம் அந்த வீட்டில் அந்த வார்த்தை வரும். "ஒரு கும்பிடு. ஒரே ஒரு கும்பிடு போட்டிருந்தா." சொந்தக்காரர்களும் விடவில்லை. கல்யாண வீட்டில், காது குத்தில், எங்கே பார்த்தாலும், ரோஷக்காரர் வந்துட்டாருப்பா என்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டு போய்ப் பந்தியில் கடைசி ஆளாக உட்காருவார், இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று. அவருடைய கையை எடுத்தவன் தன் வீட்டு விசேஷத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கோயிலும் அவரை விட்டு வைக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனால் சொல்கிறேன். ஒரு நாள் விபூதிக்கு எல்லோரும் வலது கையை நீட்டி வரிசையில் நின்றோம். அண்ணன் இடது கையை நீட்டினார். பூசாரி தயங்கினார். "சோத்தாங்கை, சோத்தாங்கை" என்றார். அண்ணன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். பூசாரியின் முகம் சுருங்கியது. விபூதியை அவர் கையில் போடாமல், பக்கத்தில் இருந்த கம்பியின் மேல் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஆத்தா எதிரில் நின்று நான் அவளையே கேட்டேன், உனக்குக் கூழ் அண்டா இறக்கிய கைதானே இது, நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று. இத்தனை வருஷம் அவளைக் கும்பிட்டு வந்தவள் நான், கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அண்ணன் என்னைத் தோளில் தட்டினார். கம்பியின் மேல் இருந்ததை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு, "உடும்மா. பாதி கும்பிடு போட்டா பாதி வரம் குடுப்பாளா, இல்ல கட் பண்ணிகினு குடுப்பாளான்னு பாப்போம்" என்றார். அப்போதும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு என் பங்குக்கு நான் கை நீட்டி வாங்கி, அவர் நெற்றியில் நானே பூசுவேன். பூசாரி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அது வசதியாக இருந்தது.

போன மாதம், வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தபடியே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கொண்டுவந்து வீட்டு வாசலில் பெஞ்சு போட்டுப் படுக்க வைத்தார்கள். குளிப்பாட்டி, நெற்றியில் பட்டை போட்டு, சடங்கு செய்ய வந்தவர் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். அடுத்து கைகளை எடுத்து நெஞ்சின் மேல் சேர்த்தார். கும்பிட்டபடி வைத்து இரண்டு கட்டைவிரலையும் நூலால் கட்டுவதுதான் வழக்கம். அண்ணனுடைய வலது பக்கத்தில் கட்ட விரல் இல்லை. அவர் ஒரு துணியைக் கிழித்து, அந்த மூளிக் கையை இடது கையோடு வைத்துச் சுற்றப் பார்த்தார். அது நழுவி நழுவிப் பக்கத்தில் விழுந்தது. மறுபடியும் எடுத்து வைத்தார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இறுக்கிக் கட்டு, குறுக்கே ஒரு சுற்று சுற்று என்றார்கள். கும்பிட்ட மாதிரி அனுப்பினால்தான் நல்லது, இல்லாவிட்டால் ஆகாது என்று ஒரு பெரியவர் சொன்னார். கட்டட்டும் என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா, தெரியாமல் நின்றேன். வழக்கத்தை மீறிப் பழகியவள் இல்லை நான்.

அப்போது தலைமாட்டில் தலைவிரி கோலமாகக் கிடந்த அண்ணி எழுந்தார். இத்தனை வருஷம் ஒரு கும்பிடு, ஒரு கும்பிடு என்று அண்ணனைக் குத்திக் குத்திப் பேசியவர் அவர்தான். அந்தத் துணியைப் பிடித்து உருவினார்.

"கட்ட வாணாம்" என்றார்.

"அப்படி உடக் கூடாதும்மா" என்றார் பெரியவர்.

"உசுரோட கீறசொல்ல போடாத மனுசன். அதுக்காவ இத்தினி வருசம் நாங்க பட்னி கீறோம். இப்ப நீ துணி சுத்தி வாங்கப் பாக்கறியா? வாணாம். அது கை அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சடங்கு செய்ய வந்தவர் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். அண்ணி இடது கையை எடுத்து விரித்து, நெஞ்சின் மேல் வைத்தார். ஆயுத பூஜை அன்று அண்ணன் தானாக வைத்துக்கொண்டாரே, அந்த இடத்திலேயே. வலது கையைப் பக்கத்தில் நேராக நீட்டி வைத்தார். ஒரு துண்டு எடுத்து அதை மூடப் போன ஒரு பெண்ணையும் தடுத்துவிட்டார். அண்ணன் அப்படியேதான் போனார். எல்லோரும் பார்க்கும்படி.

மறுநாள் காலை வந்ததுதான் அந்தப் படம். பால் தெளிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். நான் செல்போனை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போய்க் காட்டினேன். யார் அனுப்பியது என்று சொன்னேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனைக் கிட்டத்தில் வைத்து, அந்த இரண்டு மஞ்சள் கைகளையும் ரொம்ப நேரம் பார்த்தார். விரலெல்லாம் முழுசாக இருக்கிற கைகள். ஒரு நகம்கூட உடையாத கைகள்.

"டேப்பு பிரிச்ச கைதான இது" என்றார். செல்போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பால் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான் அதற்குப் பதில் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. உன்னைவிட வயதில் மூத்தவர், இறந்தவருக்கு மரியாதை செய்திருக்கிறார், நீயும் ஒன்று போட்டுவிடும்மா, அதுதான் முறை என்கிறாள் மகள். தினம் காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது அந்தச் செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறேன். அவர் அனுப்பிய கும்பிடு அதற்குள்ளேயே கிடக்கிறது. வாங்கிக்கொள்ள இந்த வீட்டில் ஆள் இல்லை.